மன்னாரில் கடல் தாண்டக் கூடும் பறவைகள்: எந்த மாதம், எந்த நேரம்?

வெள்ளவத்தைவாசி:
நாலு பேர் வான் பிடித்துக் கொழும்பிலிருந்து மன்னார் போக யோசிக்கிறோம். வலசைப் பறவைகள் கடல் தாண்ட முன்னர் கூட்டமாய்ச் சேர்ந்து கிளம்புவதைப் பார்க்க வேண்டும். ஜனவரி சரியா? தலைமன்னார் முனையில் நின்றால் போதுமா? கையில் 8×42 பைனாகுலர் இருக்கிறது. ட்ரோன் கொண்டுவரலாமா என்று ஒருவர் கேட்கிறார்.

உப்புக்கொத்தி:
ஜனவரியில் பூநாரையும் ஊசிவால் தாராவும் கண் நிறையப் பார்க்கலாம். ஆனால் அவை வந்து தங்கி மேய்கிற கூட்டம். கிளம்புகிற கூட்டம் அல்ல. தாராக்கள் மார்ச்சில் குறையத் தொடங்கும். சேற்றில் மேயும் கரைப்பறவைகளான உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன் வகைகளுக்கு மார்ச் கடைசி முதல் ஏப்ரல் கடைசி வரைதான் பயணக்காலம். புத்தாண்டு வாரத்தில் அறையும் கிடைக்காது, வீதியும் நெரியும். அதற்கு முன்னரோ பின்னரோ போங்கள்.

தலைமன்னார் முனையில் நிற்பது பலருக்கும் வருகிற ஆசை, பெரும்பாலும் வீண். அங்கிருந்து தனுஷ்கோடி சுமார் 30 கிலோமீற்றர். மணிக்கு 60 கிலோமீற்றர் பறக்கிற உள்ளானுக்கு அது அரை மணி நேர வேலை. அதற்காக அது முனையில் வந்து காத்திருக்காது. சேற்றில் மேய்ந்த இடத்திலிருந்தே உயர எழும்பிப் போய்விடும். ஆகவே வங்காலைச் சரணாலயத்துச் சேற்றுத் தரைகளையும் மன்னார்த் தீவுக்குள் போகும் தள்ளாடிப் பாலவீதியின் இரு பக்கங்களையும் பிடியுங்கள். காலையில் தென்மேற்குப் பக்கம், பின்னேரம் வடகிழக்குப் பக்கம் பார்த்தால் வெயில் முதுகில் விழும்.

கிளம்பப்போகிற பறவையை அடையாளம் காண இரண்டு குறி உண்டு. ஒன்று உடை: வளைமூக்கு உள்ளானின் வயிறு செங்கல் நிறமாகியிருக்கும், பொன்னிற உப்புக்கொத்தியின் மார்பும் வயிறும் கறுத்திருக்கும். சாம்பலாகவே நிற்பவற்றில் பல முதல் வருடக் குஞ்சுகள். அவை இந்த வருடம் போகாமலே இருந்துவிடலாம். மற்றது கொழுப்பு. பக்கவாட்டில், காலுக்கும் வாலுக்கும் இடையிலான வயிற்றுக் கோட்டைப் பாருங்கள். உள்வாங்கியிருந்தால் இன்னும் தின்ன வேண்டியிருக்கிறது. வெளியே தொங்கினால் இன்றோ நாளையோ.

மன்னார்க்காத்து:
நேரத்தைச் சொல்லவில்லையே அண்ணை. பின்னேரம் நாலு மணியிலிருந்து இருட்டும்வரைதான் அந்த வேலை. முதலில் மேய்வதை விட்டுவிட்டுக் குளிக்கும், இறகு கோதும். பிறகு சத்தம் கூடும். சின்னக் குழுவொன்று எழும்பி வட்டமடித்துத் திரும்ப இறங்கும். இதைப் பார்த்துப் 'பயந்துவிட்டது' என்று நினைத்து இடம் மாறுகிறவர்கள்தான் அதிகம். மாறாதீர்கள். இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்த குழு அடுத்த தடவை கூவிக்கொண்டே உயர்ந்து, கோணல் வரிசை கட்டி, வடக்கோ வடமேற்கோ பார்த்துப் போய்விடும். உயரம் கூடக் கூட பைனாகுலரில் புள்ளிதான். அதனால் எழும்புகிற கணத்திலேயே எண்ணுங்கள்.

காற்று முக்கியம். வாடை பலமாய் முகத்துக்கு எதிரே அடிக்கிற நாட்களில் கூட்டம் தேங்கும். வாடை ஓய்ந்து தெற்கிலிருந்து மெல்லச் சோழகம் எட்டிப்பார்க்கிற முதல் பின்னேரம் தேங்கியதெல்லாம் ஒன்றாகக் கிளம்பும். மூன்று இரவு தங்கினால்தான் அப்படியொரு நாள் மாட்டும். வற்று பெருக்கு அட்டவணையை மட்டும் நம்பாதீர்கள்: இங்கே ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு, காற்றே தண்ணீரைச் சேற்றின் மேல் தள்ளிவிடும்.

டெலஸ்கோப் வேண்டும். 20-60 மடங்கு பெரிதாக்குவது என்றால் 30க்கு மேல் போகாதீர்கள், காலை ஒன்பது மணிக்குப் பிறகு கானலில் படம் நெளியும். ட்ரைபோட் காலை விரித்துத் தாழ்த்தி, நடுவில் பையைத் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் காற்று ஆட்டும்.

உப்புக்கொத்தி:
ட்ரோன் வேண்டாம். அனுமதி ஒரு பக்கம். கிளம்பும் நாளில் ஒருதரம் கலைத்தாலே சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் அங்கேயே எரியும். ஆதாம் பாலத் திட்டுகளும் 2015 முதல் தேசியப் பூங்கா. வனஜீவராசிகள் திணைக்களத்தைக் கேட்காமல் படகெடுக்காதீர்கள்.

வெள்ளவத்தைவாசி:
நன்றி. ஏப்ரலில் லீவு கிடைக்காவிட்டால் கொழும்புப் பக்கம் ஏதும் உண்டா?

கண்ணாடிவில்லை:
ஒரு நாளில் போய்வர சிலாபம் மணல் திட்டு, இன்னும் தள்ளிப் புத்தளம் களப்பும் பாலாவி உப்பளமும். உப்பளத்தில் வாசலில் கேட்டுவிட்டே உள்ளே போக வேண்டும். கொழும்புக்குள்ளே என்றால் அத்திடிய, தலங்கம வயல்களில் மார்ச் கடைசியில் மின்கம்பி வரிசையைப் பாருங்கள். தகைவிலான்கள் இருட்டுமுன் சேர்ந்து உட்காரும்.

ஆறுமணிக்குருவி தனி ரகம். கூட்டம் சேராது, இரவில் தனியே பறக்கும். அது ஒக்டோபரில் வரும்போதுதான் மாடிக் கண்ணாடியில் மோதும். விழுந்து கிடந்தால் தண்ணீர் ஊட்டாதீர்கள். துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டில் ஒரு மணி நேரம் விடுங்கள். உள்ளே தத்துகிற சத்தம் கேட்டதும் மரநிழலில் திறந்துவிடலாம்.

மன்னார்க்காத்து:
பறவையின் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய வளையமோ கொடியோ கண்டால் எந்தக் கால், எந்த நிறம் மேலே, என்ன எழுத்து என்று மூன்றையும் எழுதுங்கள். ஒன்று விட்டாலும் பறவையை அடையாளம் காண முடியாமல் போகலாம். மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் கருவி பொருத்திய கடற்காகம் ஒன்று ரஷ்யாவின் யமால் தீபகற்பம் வரை போனது பதிவாகியிருக்கிறது. படம் மங்கலாயிருந்தாலும் அழிக்காதீர்கள்.