குளிர்காலத்தில் ஏரியின் நீரை இறக்கினால் ஷாட் மீன்கள் குறையுமா? பாஸ் எல்லாம் இளைத்துக் கிடக்கின்றன

கேள்வி:

வணக்கம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் எங்கள் குடியிருப்புக்குப் பொதுவான 40 ஏக்கர் ஏரியைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு இந்த ஆண்டு என்னிடம் வந்திருக்கிறது. மண்கரை, மிகையான நீர் வழிய ஒரு கலங்கல், அடியில் திருகித் திறக்கும் மதகு ஒன்று.

தூண்டிலில் அகப்படும் லார்ஜ்மவுத் பாஸ் (சிறு மீன்களை வேட்டையாடும் பெரிய வாய் மீன்) எல்லாமே 11, 12 அங்குலத்தில் நின்றுவிட்டன. தலை பெரிதாகவும் வயிறு ஒட்டியும் இருக்கின்றன. ஆனால் மாலையில் நீர்ப்பரப்பு முழுவதும், பாஸுக்கு இரையாக வேண்டிய ஷாட் மீன் கூட்டம் துள்ளுகிறது. வலையில் வந்த ஷாட்டும் ஏறக்குறைய 12 அங்குலம். பாஸின் இன்னொரு இரையான புளூகில் மீனின் குஞ்சுகளை அரிதாகவே பார்க்கிறோம். தண்ணீர் பச்சையாகி, முழங்கை ஆழத்தில் விரல்கள் தெரிவதில்லை.

நவம்பரிலிருந்து நீரை ஐந்து அடி இறக்கலாம் என்கிறது எங்கள் குழு. ஏப்ரலில் ஷாட் முட்டையிடும்போது சட்டென்று இறக்கி முட்டைகளைக் காயவிடலாம் என்கிறார் ஒருவர். பாஸ் குஞ்சுகளை வாங்கி விட்டால் போதும் என்கிறார் இன்னொருவர். பிள்ளைகள் தூண்டில் பழகும் ஏரி இது. தவறாக எதையும் செய்துவிடக் கூடாது என்று அஞ்சுகிறேன். எது சரி?

பதில் 1:

முதலில் எந்த ஷாட் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். த்ரெட்ஃபின் ஷாட் ஆறேழு அங்குலத்தைத் தாண்டுவது அபூர்வம். வாய் முகத்தின் நுனியில் இருக்கும், வால் மஞ்சளடிக்கும். நீரின் வெப்பம் 45 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் தாங்காமல் சாகத் தொடங்கும். உங்களிடம் இருப்பது 12 அங்குலம் என்றால் கிசர்டு ஷாட்தான். அதன் வாய் மூக்குக்குக் கீழே தள்ளி இருக்கும்.

சிக்கலின் வேரும் அதுதான். கிசர்டு ஷாட் முதல் ஆண்டிலேயே வேகமாக வளர்ந்து, பாஸின் வாய்க்குள் நுழையாத அளவை எட்டிவிடுகிறது. 12 அங்குல பாஸ் 12 அங்குல ஷாட்டை விழுங்க முடியாது. ஏரி நிறைய மீன் இருந்தும் பாஸ் பட்டினி கிடப்பது இதனால்தான். ஷாட் குஞ்சுகளோ நுண்ணிய மிதவை உயிரிகளைத் தின்று தீர்த்துவிடுகின்றன; அதே உணவை நம்பிப் பிறக்கும் புளூகில் குஞ்சுகளுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. பெரிய ஷாட்டுகள் வண்டலைக் கிளறித் தின்று, பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸை அதிலிருந்து எடுத்துக் கழிவாக நீரில் கலக்கின்றன. உங்கள் ஏரியின் பச்சை நிறத்தில் அவற்றுக்கும் பங்கு இருக்கும்.

பாஸ் குஞ்சுகளை வாங்கி விடுவதை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். இருக்கிற வாய்களுக்கே இரை இல்லை.

கேட்டவர்:

வாய் கீழேதான் இருக்கிறது; கிசர்டு ஷாட்தான். ஜூனில் ஓரங்களில் இரண்டு அங்குலக் குஞ்சுகள் மொய்த்தன. இலையுதிர் காலத்துக்குள் சிறியவை கண்ணில் படவில்லை. அப்படியானால் நீரை இறக்குவதால் பயனே இல்லையா?

பதில் 2:

பயன் உண்டு. ஆனால் பெரிய ஷாட்டுகள் அதனால் குறையா. நீரை இறக்கினால் ஓரப் புல்லிலும் மரக்கிளைகளிலும் ஒளிந்திருக்கும் சிறு மீன்கள் நடு ஏரிக்குத் தள்ளப்படுகின்றன. வாய்க்கு அடங்குபவற்றை பாஸ் தேடி அலையாமல் பிடித்துத் தின்னும். குளிர் முற்றினால் பாஸின் பசியும் மந்தமாகிவிடும். ஆகவே அக்டோபர் கடைசியில் தொடங்கி, நீர் மிகவும் குளிர்வதற்குள் வேண்டிய அளவுக்கு இறக்கிவிடுவது நல்லது. கோடையில் வேண்டவே வேண்டாம். வெதுவெதுப்பான குறைந்த நீரில் ஆக்சிஜன் குறையும்; முதலில் சாவது ஷாட், அடுத்து அது அழுகி மற்ற மீன்களின் மூச்சையும் பறிக்கும்.

ஐந்து அடி என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்? அடிக்கணக்கு போதாது, பரப்பைப் பாருங்கள். நீர்ப்பரப்பு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை சுருங்க வேண்டும். தட்டுப் போன்ற ஏரியில் ஐந்து அடி என்பது மிக அதிகம். செங்குத்தான கரையுள்ள ஏரியில் அது ஒன்றுமே இல்லை. கயிற்றில் ஈயக்குண்டு கட்டி, படகில் போய் ஆழ வரைபடம் ஒன்று போட்டுவிடுங்கள்.

கரையையும் மறக்காதீர்கள். நீர் வேகமாக இறங்கினால், மண்ணுக்குள் ஊறியிருக்கும் நீர் வெளியே தள்ளி, உட்புறச் சரிவு சரிந்துவிடும். ஒரு நாளில் அரை அடிக்கு மேல் இறக்க வேண்டாம். மதகு நீர் பாயும் கீழ்ப்பகுதியில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். எந்த அனுமதி தேவை என்பதை மாநில அலுவலகத்தில் கேட்டு, கையில் வாங்கிய பிறகே மதகைத் தொடுங்கள்.

பதில் 3:

ஏப்ரல் யோசனையைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் கேட்பதற்கு மிகவும் நியாயமாகத் தோன்றுவது அதுதான். ஷாட் முட்டைகள் பசை போன்றவை, ஆழமில்லாத ஓரத்தில் புல்லிலும் கல்லிலும் ஒட்டிக்கொள்ளும். நீர் இறங்கினால் காயும், உண்மைதான். ஆனால் நீரின் வெப்பம் 60 முதல் 65 டிகிரியைத் தொடும்போது பாஸும் கூடு கட்டத் தொடங்குகிறது. இரண்டு பருவங்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. நீர் திடீரென்று குறைந்தால் ஆண் பாஸ் கூட்டை விட்டு விலகும். காவல் இல்லாத முட்டைகளைப் புளூகில் தின்றுவிடும். பல அணைகளை நிர்வகிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் தன் நீர்த்தேக்கங்களில் மீன்கள் முட்டையிடும் வசந்த காலத்தில் நீர்மட்டத்தை இரண்டு வாரம் முடிந்தவரை அசைக்காமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

இன்னொன்று. ஒரு பெண் ஷாட் லட்சக்கணக்கில் முட்டையிடும், எல்லா மீன்களும் ஒரே நாளில் இடுவதும் இல்லை. ஒரு முறை இறக்கி அவ்வளவையும் பிடித்துவிட முடியாது. தப்பிய குஞ்சுகளுக்குப் போட்டி குறைந்து உணவு பெருகும்; அவை இன்னும் விரைவாக வளர்ந்து பாஸின் வாயை மீறும். எதைத் தடுக்க நினைக்கிறீர்களோ அதையே வளர்த்துவிடுவீர்கள். வசந்தத்துக்குள் ஏரி நிரம்பி, அசையாமல் நிற்க வேண்டும். அதனால் பிப்ரவரி தொடக்கத்துக்குள் மதகை மூடி, குளிர்கால மழையில் நிரம்ப விடுங்கள்.

கேட்டவர்:

மிக்க நன்றி. ஏப்ரல் திட்டத்தைக் கைவிடச் சொல்கிறேன். மிச்சம் இருப்பது அந்தப் பெரிய ஷாட்டுகள். அவற்றை என்ன செய்வது?

பதில் 1:

முதலில் பாஸின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுங்கள். 12 அங்குலத்துக்குக் கீழே பிடிபடுபவற்றைத் திரும்ப விடாமல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மீதி இருப்பவை கொழுத்து வளர்ந்தால், சற்றுப் பெரிய ஷாட்டையும் விழுங்கும் அளவுக்கு வரும். ஹைப்ரிட் ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற கலப்பின வேட்டை மீனை விடுவது இன்னொரு வழி. அவை ஆழப் பகுதியிலேயே ஷாட்டைத் துரத்தும். ஏரியில் இனம் பெருக்காது என்பதால் எண்ணிக்கை உங்கள் கையில் இருக்கும். அதற்கும் மாநில விதிகளைப் பாருங்கள்.

இவை போதாவிட்டால் ரோட்டெனோன் என்ற மீன்கொல்லி மருந்து. மற்ற மீன்கள் தாங்கும் குறைந்த அளவிலேயே கிசர்டு ஷாட் இறந்துவிடும். நீரைக் குறைத்து வைத்திருக்கும் குளிர்காலத்தில் மருந்தும் குறைவாகவே செலவாகும். ஆனால் உரிமம் பெற்றவர் மட்டுமே இதைச் செய்யலாம். அளவு பிசகினால் ஏரியில் ஒன்றும் மிஞ்சாது. மாநில மீன்வள உயிரியலாளரை அழைத்து, நீரில் மின்சாரம் பாய்ச்சி மீன்களை மயக்கிப் பிடிக்கும் படகில் மாதிரி எடுத்துப் பார்த்த பிறகே இந்த முடிவுக்குப் போங்கள்.

பதில் 2:

மறந்துவிட்டேன், இது அவசரம். நீரை இறக்கத் தொடங்கும் முன் மதகைச் சிறிது திறந்து, உடனே மூடிப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் தொடாத மதகு திறந்தபின் மூட மறுக்கும்; இடையில் குச்சியோ கல்லோ சிக்கினாலும் அதே கதிதான், ஏரி முழுவதும் வடிந்துவிடும். சிறிதளவு சந்தேகம் வந்தாலும் அதைத் திறக்காமல், கரைக்கு மேலே குழாய் போட்டு சைபன் முறையில் நீரை எடுங்கள். ஏரிக்குள் இருக்கும் குழாயின் வாயை வேண்டிய மட்டத்தில் வைத்துவிட்டால், அதற்குக் கீழே நீர் இறங்கவே இறங்காது.