அம்மா வீட்டு மல்லிகைக் குச்சி கறுத்துப் போகிறது, என்ன செய்வது?

ஏழாம் மாடி, ஜெலுத்தோங்:
பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் அம்மா இருக்கும் வாடகை வீட்டை அடுத்த மாதம் காலி செய்கிறோம். வாசலில் உள்ள குண்டுமல்லியைப் பெயர்த்து எடுக்க வழியில்லை, வேர் சிமெண்டுக்கு அடியில் ஓடிவிட்டது. அதனால் பன்னிரண்டு குச்சி வெட்டி, பழைய மைலோ டின்களில் கறுப்பு மண் போட்டு நட்டேன். காலை மாலை தண்ணீர், மேலே பிளாஸ்டிக் பை. மூன்று வாரத்தில் எட்டு கறுத்துவிட்டன. நான்கில் துளிர் வந்ததும் “பிடிச்சிருச்சும்மா” என்று போனில் சொல்லியும் விட்டேன். நேற்று அவையும் துவண்டன. இழுத்துப் பார்த்தால் ஒரு வேர்கூட இல்லை. பால்கனி மேற்குப் பக்கம். நர்சரியில் வேறு செடி வாங்கி வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அம்மா கண்டுபிடித்துவிடுவார்.

பூக்கட்டும் அக்கா, ஆயர் ஈத்தாம்:
தம்பி, துளிரை நம்பாதே. குச்சிக்குள் இருக்கும் சேமிப்பிலேயே இலை வந்துவிடும். வேர் இல்லாமல் அந்த இலைக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

உன் குச்சி அழுகித்தான் போயிருக்கிறது. நம் ஊர்க் காற்றிலேயே ஈரம் நிறைய, அதில் கறுப்பு மண், இரண்டு வேளைத் தண்ணீர். டின்னுக்கு அடியில் ஓட்டை போட்டாயா? அதைச் சொல்லவே இல்லையே. மேற்கு வெயிலில் பையைப் போட்டு மூடினால் அது இட்லிப் பானை.

இளம்பச்சைக் கொழுந்தும் வேண்டாம், முற்றிய கட்டையும் வேண்டாம். பச்சை மாறிப் பழுப்பு ஏறும் கிளையில், பேனா நீளத்துக்கு மூன்று கணு இருக்கும்படி எடு. கணுவுக்குச் சற்றுக் கீழே கூரான கத்தியால் வெட்டு, கத்தரிக்கோல் நசுக்கிவிடும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு மேலே இரண்டை மட்டும் விடு. மொட்டு இருந்தால் இரக்கம் பார்க்காமல் எடுத்துவிடு. ஆற்று மணலும் தேங்காய் நார்த்தூளும் பாதிப் பாதி. உரம் இப்போது வேண்டாம். வெளிச்சமான நிழலில் வை, ஒருநாள் விட்டு ஒருநாள் பையைத் திறந்து காற்றுக் காட்டு. நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நடுவில் இழுத்துப் பார்க்காதே, புது வேர் நூல் மாதிரி, அறுந்துவிடும். தெபிங் (ஐஸ் தேநீர்) கடையில் தரும் கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் குவளையில் ஓட்டை போட்டு நட்டால் வேர் வெளியிலிருந்தே தெரியும். நான் அப்படித்தான் செய்கிறேன், பொறுமை கிடையாது எனக்கு.

செந்தூல்வாசி:
அக்கா சொல்வது சரி. ஆனால் குச்சியை மட்டும் நம்ப வேண்டாம், பதியமும் போடுங்கள். தாழ்ந்த கிளையை வளைத்து, ஒரு கணுவுக்கு அடியில் தோலை லேசாகச் சீவி, பக்கத்தில் வைத்த தொட்டி மண்ணில் புதைத்து மேலே செங்கல் வையுங்கள். வேர் வரும்வரை தாய்ச்செடி சோறு போடும். ஒரு மாதம் போதாது. பக்கத்து வீட்டிலோ வீட்டுக்காரரிடமோ சொல்லித் தொட்டியை விட்டுவர முடிந்தால் பாருங்கள். வேர்விடும் பொடி கிடைத்தால் குச்சியின் வெட்டிய அடிநுனியில் துளி தொட்டுக்கொள்ளலாம்.

பூக்கட்டும் அக்கா, ஆயர் ஈத்தாம்:
பொடியெல்லாம் நான் போட்டதே இல்லை.

ஏழாம் மாடி, ஜெலுத்தோங்:
டின்னைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஓட்டை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறிப் போய்ப் பதினைந்து குச்சி எடுத்துவந்தேன், ஈரத் துணியில் சுற்றி. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) தொட்டியைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார், முதல் பூ அவருக்காம்.

ஏழாம் மாடி, ஜெலுத்தோங் (ஏழு வாரம் கழித்து):
பதினைந்தில் ஆறு. குவளையின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. இந்தத் தடவை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.