மகள் லிபரல் ஆர்ட்ஸ் படிக்க விரும்புகிறாள், சேர்க்கலாமா?

மழைக்குருவி:
மகள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்றில் கணினிப் பொறியியல். மற்றதில் லிபரல் ஆர்ட்ஸ்: வரலாறு முதன்மைப் பாடம், கூடவே தத்துவம், புள்ளியியல், ஓர் அயல்மொழி. அவள் மனம் இரண்டாவதில் இருக்கிறது. நான் கணக்காளர். வரவு செலவு புரியும், இது புரியவில்லை. இதைப் படிப்பதால் கையில் என்ன மிஞ்சும்? "பிள்ளையின் விருப்பம்" என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள்.

கணக்குப்புலி:
அக்கா, பெயரிலேயே விடை இருக்கிறது. லத்தீனில் 'லீபர்' என்றால் சுதந்திரமானவன், அடிமை அல்லாதவன். வயிற்றுப்பாட்டுக் கவலை இல்லாதவர்களுக்காக ஏற்பட்ட படிப்பு அது. உழைத்துப் போட வேறு ஆட்கள் இருந்தார்கள். உங்கள் மகளுக்கு யார் உழைத்துப் போடுவார்கள்? வேலையில் சேர்ந்த பிறகு வரலாற்றை மாலை நேரத்தில் படித்துக்கொள்ளலாம். நூலகம் எங்கும் ஓடிவிடாது. பொறியியலை அப்படி மாலை நேரத்தில் படிக்க முடியாது.

வழிப்போக்கன்:
பாதிக் கதை சொல்கிறீர்கள், புலியாரே. இடைக்கால ஐரோப்பாவில் அந்தக் கலைகள் ஏழு. இலக்கணம், தர்க்கம், சொல்லாட்சி என்று மூன்று. எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் என்று நான்கு. கணக்குக்குப் பயந்தவர்கள் ஒதுங்கும் இடமாக அது இருந்ததே இல்லை. 'கலை' என்ற சொல்லால் வந்த குழப்பம் இது. 'தாராளக் கலைகள்' என்று வேறு சிலர் எழுதுகிறார்கள், படித்து முடித்தால் வள்ளலாகிவிடலாம் போல.

நீங்கள் பொறியாளர் என்பதால் உங்கள் துறையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். கணிதவியலாளர் ஜார்ஜ் பூல், 'உண்மை, பொய்' என்ற தர்க்கத்தைக் கணக்குப்போல எழுதிக் காட்டும் தன் நூலை 1854இல் வெளியிட்டார். மின்பொறியாளர்கள் அதைப் பல பத்தாண்டுகள் திரும்பிப் பார்க்கவில்லை. கிளாட் ஷானன் என்ற மாணவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு தத்துவ வகுப்பில்தான் அதைச் சந்தித்தார். பிறகு 1937இல், அங்குள்ள எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரியில் தன் முதுகலை ஆய்வேட்டில், மின்சுற்றின் திறப்பும் மூடலும் அதே தர்க்கம்தான் என்று காட்டினார். நீங்கள் இப்போது தட்டிக்கொண்டிருக்கும் கருவி வரைக்கும் அந்த வகுப்பின் நிழல் நீள்கிறது.

கணக்குப்புலி:
அழகான கதை. ஆனால் ஷானன் வாங்கிய பட்டங்கள் எவை? மின்பொறியியலும் கணிதமும். தத்துவத்தில் அவருக்கு ஒரு வகுப்பு போதுமாக இருந்தது! நீங்கள் என் கட்சிக்கு அல்லவா சாட்சி சொல்கிறீர்கள்?

வழிப்போக்கன்:
சரி, அந்த அடியை வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு வகுப்பை நடத்த, தத்துவத்தை முழுநேரமாகப் படித்த ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும் அல்லவா?

கணக்குப்புலி:
இருக்கட்டும். அந்த ஒருவர் ஏன் அக்காவின் மகளாக இருக்க வேண்டும்?

நடுநிசி:
எனக்கு இருபது வயது, கலைப் பிரிவில் படிக்கிறேன். அண்ணன்கள் இருவரும் பழைய சண்டையைப் போடுகிறீர்கள். என் வகுப்பில் பாதிப் பேர் கட்டுரையை இயந்திரத்தைக் கேட்டு எழுதி வாங்குகிறார்கள். ஆசிரியர் மதிப்பெண் மட்டும் போட்டுத் திருப்பித் தருகிறார். என்னுடையதை யாராவது முழுதாகப் படித்தார்களா என்றே சந்தேகம். இதற்குப் பட்டம் எதற்கு?

கணக்குப்புலி:
ஏட்டுச் சுரைக்காய்கூட இல்லை, அதன் நகல்.

மட்டுறுத்துனர்:
தம்பியின் கேள்வி நியாயமானது. கிண்டலைக் குறைத்துக்கொள்ளவும்.

கொடிமல்லி:
நிறுவனங்களுக்கு ஆள் தேர்வு செய்யும் வேலையில் இருக்கிறேன். முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். பல இடங்களில் விண்ணப்பங்களை மென்பொருள்தான் முதலில் வடிகட்டுகிறது. பட்டத்தின் பெயர் பொருந்தவில்லை என்றால் என் கண்ணுக்கே வராது. வழிப்போக்கன் ஐயா இதைப் பேசவே இல்லை. முதல் வேலை கிடைப்பது கலைப் பட்டதாரிக்குக் கடினம்.

அடுத்தது. பொறியாளர்களை நேர்காணலில் நிராகரிக்கும்போது, கணக்குத் தெரியாததால் நிராகரிப்பது குறைவு. செய்த வேலையைப் பத்து வரியில் சொல்லத் தெரியாததால்தான் அதிகம். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2003இல் கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது சிதறி ஏழு பேர் இறந்தார்கள். ஏவும்போது ஒரு நுரைத்துண்டு இறக்கையில் மோதியிருந்தது. கலம் மேலே இருக்கும்போதே பொறியாளர்கள் அந்தச் சேதத்தைக் கணித்து மேலதிகாரிகளிடம் விளக்கினார்கள். மோதிய துண்டு, சோதனைகளில் பயன்படுத்தியதைவிடப் பல மடங்கு பெரியது என்ற செய்தி, அவர்கள் திரையில் காட்டிய ஒரு படவில்லையின் (ஸ்லைடு) அடியில், சிறிய எழுத்தில் கிடந்தது. தலைப்போ நம்பிக்கை தரும் தொனியில் இருந்தது. விசாரணைக் குழு தன் அறிக்கையில் அந்தப் படவில்லையைத் தனியே எடுத்துக் குறை சொன்னது. அந்தப் பொறியாளர்களுக்குக் கணக்குத் தெரியும். எதை முதலில் சொல்வது என்பதில்தான் சறுக்கிவிட்டது.

கணக்குப்புலி:
இது உறைக்கிறது. மறுக்க மாட்டேன். ஆனால் அதற்கு மருந்து, பொறியாளனுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது. இரண்டு பருவம் போதும்.

வழிப்போக்கன்:
போதாது. நான் படித்தபோது ஒரே கட்டுரையை ஐந்து முறை திருப்பியடித்தார் எங்கள் பேராசிரியை. "இந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். முதலாண்டு முழுக்க அவரை வெறுத்தேன். மூன்றாம் ஆண்டில் அந்தக் கேள்வியை நானே எனக்குக் கேட்கத் தொடங்கினேன். நான் வாங்கிய பட்டத்தில் இன்றும் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான். படித்த அரச வம்சங்களின் வரிசை மறந்துவிட்டது.

நடுநிசி தம்பிக்கும் இதுவே என் பதில். உங்கள் கட்டுரையை யாரும் திருத்தவில்லை என்றால் உங்களை ஏமாற்றுகிறார்கள். அந்தக் கல்லூரிக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். குருவி அம்மா, பாடப் பட்டியலைப் பார்க்காதீர்கள். முதல் பருவத்தில் எத்தனை கட்டுரை, அதை யார் திருத்துகிறார்கள், வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

மழைக்குருவி:
கேட்டுவிட்டேன். "முறையான உள்மதிப்பீட்டு ஏற்பாடு உள்ளது" என்று பதில் வந்தது. என்னைவிட மகளுக்குத்தான் கோபம். "இது பதிலே இல்லை" என்று திரும்ப ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

கணக்குப்புலி:
அட, பெண் தேறிவிடுவாள் போலிருக்கிறதே. கட்டணம் சேமிப்பிலிருந்தா, கடனா அக்கா? அதைச் சொல்லவே இல்லை நீங்கள்.

மழைக்குருவி:
பாதி கடன்.

கணக்குப்புலி:
அப்படியானால் கடிதத்துக்கு முன் அதைக் கணக்குப் போடுங்கள். முதல் வேலை ஓராண்டு தாமதமானால் தவணையை யார் கட்டுவது? கொடிமல்லி சொன்ன வடிகட்டி ஞாபகம் இருக்கட்டும்.

மழைக்குருவி:
அவளையே போடச் சொல்லியிருக்கிறேன். ஆறு மாதம், ஓராண்டு, இரண்டாண்டு என்று மூன்று கணக்கு. நாளை கொண்டுவருவாள். வட்டியைத் தப்பாகப் போட்டால் திருப்பியடிப்பேன்.