பொதுப் பணத்தில் வாங்கிய மலைகள், நடைபாதைகள்: உங்களுக்கு நேர்ந்த சந்திப்புகளைப் பகிருங்கள்

நான் தொடங்குகிறேன். 2009 இல் கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குப் பக்கமான ஈஸ்ட் பேயில் வீடு வாங்கினோம். முதல் சொத்து வரிச் சீட்டில், பள்ளிகளுக்குப் போகிற தொகைகளுக்குக் கீழே பூங்காக் கடன் பத்திரத்துக்கென்று, அதாவது பூங்காவுக்காக வாங்கிய பொதுக் கடனை அடைக்க, தனியாக ஒரு தொகை இருந்தது. சிறிய தொகைதான். ஆனால் எங்கள் தெருவுக்குப் பின்னால், பொதுப் பணத்தில் வாங்கிய மலைச்சரிவின் கேட்டில் பூட்டுத் தொங்கியது. நடக்க முடியாத நிலத்துக்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும் என்று கேட்கத்தான் ஒரு பொதுக் கூட்டத்துக்குப் போனேன்.

பக்கத்து நாற்காலியில் மாடு வளர்க்கும் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். அவர்கள் வேறோர் இடத்தில் தங்கள் நிலத்தை விற்றவர்கள். "அப்பா போனதும் நாங்கள் ஐந்து பேர் பாகம் பிரிக்க வேண்டியிருந்தது. வீடு கட்டி விற்பவர்கள் பணத்தோடு நின்றார்கள். பூங்காக்காரர்கள் கையிலும் அன்றைக்குப் பணம் இருந்தது. அதனால்தான் அங்கே இன்னும் புல் முளைக்கிறது" என்றார். நான் கொண்டுபோன கேள்வி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

யார் எப்போது நிலத்தை விற்க நினைப்பார்கள் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. விற்பனைக்கு வந்த பிறகு வாக்கெடுப்பு நடத்திப் பணம் திரட்டினால், அதற்குள் அங்கே வீடுகள் எழுந்துவிடும். ஈஸ்ட் பே வட்டாரப் பூங்கா அமைப்புக்காக அலமீடா, கான்ட்ரா கோஸ்டா கவுண்டி (மாவட்ட) வாக்காளர்கள் 1988 இல் 22.5 கோடி டாலருக்கும், 2008 இல் 50 கோடி டாலருக்கும் கடன் பத்திரம் வெளியிட ஒப்புதல் தந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு விழுந்தால்தான் இது நிறைவேறும். 2008 நவம்பரில் வீட்டு விலை சரிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்திலும் அவ்வளவு வாக்கு விழுந்தது! எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

பூட்டின் காரணமும் அன்று புரிந்தது. கடன் பத்திரப் பணத்தில் நிலம் வாங்கலாம், பாதை போடலாம். காவலருக்கு மாதச் சம்பளம் தர முடியாது. அதற்கு வேறு நிதி வேண்டும். செங்கால் தவளைகள் வாழும் குளங்கள் எங்கே இருக்கின்றன, வண்டிகளை எங்கே நிறுத்துவது என்றெல்லாம் பார்த்து, சுற்றுச்சூழல் ஆய்வும் முடிந்த பிறகே மக்களை உள்ளே விட முடியும். பூட்டியிருக்கும் நிலம் வீணான நிலம் இல்லை.

* * *

அண்ணா, எனக்கு நேர்ந்தது சிறிய சந்திப்பு. அயர்ன் ஹார்ஸ் பாதையில் மகனுக்குச் சைக்கிள் பழக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டி நின்று, "உன் சக்கரத்துக்குக் கீழே ரயில் ஓடியது, தெரியுமா?" என்று அவனிடம் கேட்டார். சதர்ன் பசிபிக் ரயில் நிறுவனம் 1978 இல் கைவிட்ட தடம் அது. துண்டு துண்டாக விற்றிருந்தால் கான்கார்டிலிருந்து பிளசன்டன் வரை இப்படித் தொடர்ந்து ஒரு பாதை கிடைத்திருக்காது. நடுவில் ஒரே ஒரு கட்டடம் எழுந்தாலும் பாதை அறுந்துவிடுமே. மகன் அன்று முழுவதும் தரையைப் பார்த்துக்கொண்டே ஓட்டி இரண்டு முறை விழுந்தான்.

* * *

ஊரிலிருந்து வந்த அம்மாவை, இதே பூங்கா அமைப்பின் டில்டன் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். "இவ்வளவு பெரிய மலை யார் பெயரில் இருக்கிறது?" என்றார். எல்லார் பெயரிலும்தான் என்று சொன்னேன். நம்பவில்லை. 1934 இல், வேலையின்றித் தவித்த காலத்திலேயே இந்த வட்டார மக்கள் வாக்களித்துத் தங்கள் மேல் வரி போட்டுக்கொண்டதையும், குடிநீர் வாரியத்திடம் உபரியாக இருந்த நிலத்தை 1936 இல் விலைக்கு வாங்கியதையும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் நடந்தார்.

"அப்போது வரி கட்டியவர்களில் எத்தனை பேர் இங்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள்?" என்று பிறகு கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார்.