வளைவுகளில் மட்டும் பாலிஷ் ஏறவில்லை, ஞாயிறு கல்யாணம், அவசரம்

குறிச்சி மச்சான்:
வீட்டிலேயே காருக்குப் பாலிஷ் போட்டேன். பானெட், ரூஃப், கதவு எல்லாம் முகம் பார்க்கலாம் போல வந்துவிட்டது. வளைவான இடங்கள் மட்டும் வட்டக் கீறலோடு மங்கல்தான். கதவுக் கைப்பிடிக் குழி, சைடு மிரர் அடி, பம்பர் மூலை. ஞாயிற்றுக்கிழமை மச்சினன் கல்யாணம், மாப்பிள்ளை வண்டி இதுதான். சீக்கிரம் சொல்லுங்க.

குழித்துறைக்காரன்:
என்ன வண்டி? என்ன நிறம்? மிஷினா கையா? கீறலைத் தேய்த்தெடுக்கிற காம்பவுண்டா, பாலிஷா, வெறும் வாக்ஸா? இதையெல்லாம் நாங்கள் கனவு கண்டா சொல்ல முடியும்?

உப்புக்காற்று:
கடலோரம் என்றால் உப்புதான் காரணம். முட்டத்தில் என் வண்டியை வாரம் 2 தடவை நல்ல தண்ணீரில் கழுவுகிறேன். மங்கல் என்ற பேச்சே இல்லை.

ரப்பர் தோட்டம்:
கைப்பிடிக் குழிக்குப் பற்பசை போதும். வெள்ளைப் பற்பசை, ஜெல் வேண்டாம். அரை மணி நேர வேலை.

பழைய உறுப்பினர்:
இதே கேள்விக்கு நான் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! பழைய இழையைத் தேடிப் படிக்கிற வழக்கம் போயே போயிற்று. சரி, கேளுங்கள். டிஏ பாலிஷரில், அதாவது சுற்றிக்கொண்டே அதிரும் மிஷினில், 5 இஞ்ச் பேட் மாட்டி வளைவில் வைத்தால் ஒரு ஓரம் மட்டும்தான் படும். அழுத்தம் ஒரு பக்கமாக விழுவதால் பேட் சுற்றுவது நின்று வெறுமனே அதிரும். பேட் ஒட்டுகிற தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஓடும்போது கோடு தெளிவாகத் தெரிந்தால் பேட் சுற்றவில்லை. 3 இஞ்ச் தட்டு வாங்குங்கள். அடிப்படை தெரியாமல் மிஷினைத் தொடக் கூடாது.

குறிச்சி மச்சான்:
2018 ஸ்விஃப்ட், கருநீலம். மிஷின் டிஏ இல்லை. டைல்ஸ் பதிக்கிற அண்ணனிடம் இரவல் வாங்கினேன், அதில் ஸ்பாஞ்ச் ஒட்டிப் பிடித்தேன்.

குழித்துறைக்காரன்:
எடே, அது டைல்ஸ் வெட்டுகிற ஆங்கிள் கிரைண்டர்! அதிராமல் சுற்ற மட்டும் செய்கிற கார் பாலிஷர்கூட நிமிடத்துக்குச் சுமார் 600-லிருந்து 3000 சுற்றுக்குள்தான் ஓடும். அது 10,000-க்கு மேல் ஓடும். பானெட் பிழைத்ததே பெரிய காரியம்.

தக்கலை பெயின்டர்:
மக்கா, முதலில் இதற்குப் பதில் சொல்லு. பம்பர் மூலையில் பிடித்தபோது ஸ்பாஞ்சில் நீலம் ஏறியதா? நீ பாலிஷ் போட்டது மேலே இருக்கும் கிளியர் கோட்டின் மேல். அதில் நிறம் கிடையாது. நீலம் வந்தால் கிளியர் போய்விட்டது, இனி எந்தப் பாலிஷும் ஏறாது, மூலையைத் திரும்ப ஸ்ப்ரே பண்ண வேண்டியதுதான். இரும்பு என்றால் மிஷின் தேய்க்கிற சூடு பரவிப் போகும். பம்பர் பிளாஸ்டிக், சூடு அதே இடத்தில் நிற்கும். அதிலும் மூலையில் பெயின்ட் மெலிசு.

கைப்பிடிக் குழிக்கு மிஷினே வேண்டாம். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடு. ஓரத்து ரப்பரில் மாஸ்கிங் டேப் ஒட்டு, இல்லையென்றால் காம்பவுண்ட் வெள்ளையாகப் படிந்து உயிரை வாங்கும். கீறல் மேல் நகத்தை ஓட்டிப் பார். நகம் மாட்டினால் அந்தக் கீறல் பாலிஷில் போகாது, விட்டுவிடு. மாட்டாவிட்டால் விரலில் மைக்ரோஃபைபர் துணியைச் சுற்றி, பயறு அளவு காம்பவுண்ட் தொட்டு, கைப்பிடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பையப் பையத் தேய். 20 தேய்ப்பு, துடை, டார்ச் அடித்துப் பார், திரும்பவும். உன் வண்டியில் பின் கைப்பிடி கண்ணாடி ஓரமாக மேலே இருக்கும். அங்கே நடுவிரல்தான் நுழையும். மோதிரத்தைக் கழற்றிவிட்டுச் செய்.

உப்புக்காற்று:
நான் சொன்ன உப்பு?

தக்கலை பெயின்டர்:
உப்பு இரும்பைத் தின்னும். இப்படி வட்டக் கீறல் போடாது. ஊர் மணவாளக்குறிச்சி என்றால் மணலைச் சந்தேகப்படு. அந்தக் கடற்கரை மணலில் கார்னெட் இருக்கிறது, உப்புத்தாளில் ஒட்டுகிற சாமான். அந்தத் தூசியோடு உலர்ந்த துணியால் துடைத்தால் வேறென்ன ஆகும்?

ரப்பர் தோட்டம்:
அதற்குத்தான் கவர் போட்டு மூட வேண்டும் என்பது.

ஆரல் காற்று:
கவரா? ஆரல்வாய்மொழியில் பலத்த காற்று அடிக்கிற காலத்தில் ஒரு வாரம் கவர் போட்டேன். துணி படபடவென்று அடித்து, உள்ளே புகுந்த தூசியே பெயின்டைத் தேய்த்துவிட்டது. கவர் போடாமல் நிறுத்துவதே மேல்.

ரப்பர் தோட்டம்:
உங்கள் ஊர்க் காற்றை வைத்துக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே சட்டம் போடாதீர்கள். இங்கே மரத்தடியில் கவர் இல்லாமல் நிறுத்தினால் காக்கை எச்சமும் சக்கைப் பாலும் (பலாப் பிசின்) சேர்ந்து பெயின்டைப் பிடித்துக்கொள்ளும்.

ஆரல் காற்று:
அப்போ மரத்தடியில் நிறுத்தாதீங்க!

பழைய உறுப்பினர்:
தலைப்புக்கு வாருங்கள். நான் சொன்ன 3 இஞ்ச் தட்டு வாங்கியாயிற்றா?

குழித்துறைக்காரன்:
மச்சான், நீலம் வந்ததா இல்லையா, அதைச் சொல்லு.

(4 நாள் கழித்து)

குறிச்சி மச்சான்:
பெயின்டர் அண்ணே, கைப்பிடிக் குழி கொள்ளாம், நல்லா வந்திருக்கு, மங்கல் பாதிக்கு மேல் போய்விட்டது. பம்பரில் நீலம் வந்திருந்தது. தோவாளையில் வாங்கிய மாலையை அந்த மூலையில் டேப் போட்டு ஒட்டி மறைத்தாச்சு. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நன்றி.

தக்கலை பெயின்டர்:
என்ன டேப்? கிளியர் போன இடத்திலா ஒட்டினாய்? வெயிலில் காயவிடாதே, பையப் பிரித்து எடு. எடுத்துவிட்டாயா?