ஏடிஆர் 42 விமானத்தின் எரிபொருள் காட்டி ஏடிஆர் 72 விமானத்தில் அப்படியே பொருந்துகிறது. விட்டுவிடலாமா?

கெம்ப்டன் பார்க் பயிற்சியாளர்:
வணக்கம். ஜொகன்னஸ்பர்க் பக்கம் விமானங்களைப் பழுதுபார்க்கும் ஒரு ஹேங்கரில் வேலை பழகுகிறேன். ஏடிஆர் 42, ஏடிஆர் 72 இரண்டும் எங்களிடம் வரும். ஒரு 72-இல் எரிபொருள் அளவு காட்டி பழுதாகிவிட்டது. ஸ்டோர்ஸில் இருந்ததன் பார்ட் நம்பர் வேறு. கணினியோ அதை மாற்றுப் பாகம் என்கிறது. அளவு, திருகுத் துளைகள், பின்பக்க இணைப்பு எல்லாம் ஒன்றே. செருகியதும் எண்கள் ஒளிர்ந்தன. "வேலை செய்கிறதே, அப்புறம் என்ன?" என்கிறார் ஷிப்ட் பொறுப்பாளர். என் மனம் ஒப்பவில்லை. காலையில் விமானம் கிளம்ப வேண்டும். எதை வைத்து முடிவு செய்வது?

லெனேசியா, ஓய்வுபெற்ற பொறியாளர்:
தம்பி, முதலில் அதைக் கழற்றச் சொல்லுங்கள்.

தொட்டிக்குள் இருக்கும் உணரிகள் கிலோக் கணக்கில் எதையும் சொல்வதில்லை. அவை அனுப்பும் மின் அளவை, தொட்டியின் வடிவத்தை வைத்துக் கிலோவாக மாற்றுவது அந்தக் காட்டிதான். 42 சுமார் 4,500 கிலோ எரிபொருள் கொள்ளும். 72 சுமார் 5,000. தொட்டி வேறு, கணக்கும் வேறு. ஆகவே எண் ஒளிர்வது எதற்கும் சாட்சி ஆகாது.

2005 ஆகஸ்ட் 6 அன்று இத்தாலியின் பாரியிலிருந்து துனீசியாவின் ஜெர்பாவுக்குப் புறப்பட்ட துனிஇன்டர் நிறுவன ஏடிஆர் 72-இல் நடந்தது இதுவேதான். முந்தைய நாள் அதில் 42-இன் காட்டியை மாட்டியிருந்தார்கள். எரிபொருள் தீர்ந்து நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்றபோதும் அது 1,800 கிலோ மீதம் என்று காட்டிக்கொண்டிருந்தது. பலெர்மோ அருகே கடலில் இறக்கினார்கள். 39 பேரில் 16 பேர் இறந்தார்கள். அங்கேயும் கணினிப் பட்டியல் அந்தப் பாகம் பொருந்தும் என்றுதான் சொன்னது.

டர்பன், ஸ்டோர்ஸ் பணியாளர்:
ஐயா சொல்வது சரி, ஆனாலும் ஒன்று கேட்கிறேன். கணினியை ஒவ்வொரு முறையும் சந்தேகித்தால் ஒரு விமானமும் நேரத்துக்குக் கிளம்பாது. பிறகு அந்தப் பட்டியல் எதற்கு?

லெனேசியா, ஓய்வுபெற்ற பொறியாளர்:
பாகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அறிய, தம்பி. எந்த விமானத்துக்கு உரியது என்பதை உற்பத்தியாளரின் பாகப் பட்டியல் நூல்தான் சொல்ல வேண்டும். அதிலும் பார்ட் நம்பரோடு நிறுத்தாமல், இந்த வரிசை எண் கொண்ட விமானத்துக்குப் பொருந்துமா என்ற பத்தியைப் படிக்க வேண்டும். பலர் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு ஆற்றாமை அங்கேதான்.

கண் பார்த்து ஒப்பிடுவதையும் நம்பாதீர்கள். 1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தின் முன் கண்ணாடி பறந்துபோய், கேப்டன் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டார். உயிர் பிழைத்தார். கண்ணாடியைப் பொருத்தியபோது பழைய திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு பார்வையால் ஒப்பிட்டே புதியவற்றை எடுத்திருந்தார்கள். 90 திருகாணிகளில் 84 குறுக்களவில் சிறியவை.

கெம்ப்டன் பார்க் பயிற்சியாளர்:
நன்றி ஐயா. நூலைத் திறந்து பார்த்தேன். அந்த எண் 42-க்கு மட்டுமே இருக்கிறது. பக்கத்தை அச்செடுத்து, கையெழுத்திடும் உரிமம் பெற்ற பொறியாளரிடம் காட்டினேன். அவர் உடனே கழற்றச் சொல்லிவிட்டார். விமானம் நிற்கிறது. சரியான காட்டி நாளை வரும். வந்ததும் வேறு ஏதேனும் பார்க்க வேண்டுமா?

லெனேசியா, ஓய்வுபெற்ற பொறியாளர்:
நல்லது. புதியதை மாட்டியபின் இறக்கையின் அடியிலிருக்கும் அளவுகோல்களால் எரிபொருளை அளந்து, காட்டி சொல்வதோடு ஒப்பிடுங்கள். விமானம் சாய்வாக நின்றால் கையேட்டின் அட்டவணைப்படி திருத்திக்கொள்ளுங்கள். கடைசியாக நிரப்பிய எரிபொருள் சீட்டும் அந்தக் கணக்கோடு ஒத்துவர வேண்டும்.

கணினியின் பிழையான வரியை எழுத்து மூலமாகத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குத் தெரிவியுங்கள். உள்ளே காது கொடுக்கவில்லை என்றால், தகவல் தருபவரின் பெயரை மறைத்துப் புகார் பெறும் ஏற்பாடு தென்னாப்பிரிக்க விமானப் போக்குவரத்து ஆணையத்தில் உண்டு.

இன்றே செய்ய வேண்டியது இன்னொன்று: அந்த எண் கொண்ட காட்டி இதற்கு முன் ஸ்டோர்ஸிலிருந்து எந்தெந்த விமானத்துக்குப் போயிருக்கிறது என்று பதிவேட்டில் தேடச் சொல்லுங்கள். வேறொரு 72 அதோடு பறந்துகொண்டிருக்கலாம்.