எலும்பு பொருந்திவிட்டதாம், நோ மட்டும் ஏன் போகவில்லை?

முத்தையன்கட்டு ரீச்சர் எழுதியது:

வணக்கம். எனக்கு வயது 66, ஓய்வுபெற்ற ஆசிரியை. சென்ற மாசி மாதம் கிணற்றடியில் வாளியைத் தூக்கியபோது முதுகுக்குள் காய்ந்த சுள்ளி முறிந்தது போல ஒரு சத்தம் கேட்டது. வழுக்கவில்லை, விழவில்லை. வாளியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது.

எக்ஸ்றே எடுத்தார்கள். 2009 இல் யுத்தத்தின்போது என் முதுகில் புகுந்த செல் (எறிகணை) துண்டு ஒன்று, பயற்றங்கொட்டை அளவு, இன்னும் உள்ளே கிடக்கிறது. படத்தில் அதுதான் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் அதையே பார்த்தார்கள், "பழைய காயம் அம்மா" என்று சொல்லி நோக்குளிசை தந்து அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து வேறொரு வைத்தியர்தான் அதே படத்தில் ஆப்பு மாதிரி நசிந்து கிடந்த முள்ளந்தண்டு எலும்பைப் பேனையால் தொட்டுக் காட்டினார். அந்த இரும்பு இத்தனை வருடமாக என்னோடு வாய்திறக்காமல் குடியிருக்கிறது. என்னைச் சாய்த்தது அரை வாளித் தண்ணீர்.

கொழும்பில் மகளிடம் போயிருந்தபோது எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்தோம். −3.1 என்று வந்தது. −2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்பு நலிவு நோய் என்றார்கள். திங்கட்கிழமை தோறும் அலென்ட்ரோனேற் 70 மில்லிகிராம் குளிசை போடுகிறேன். எலும்பு நசிந்து இப்போது எட்டு மாதமாகிவிட்டது. எலும்பு பொருந்திவிட்டது என்று கிளினிக் கொப்பியில் எழுதியும் தந்துவிட்டார்கள். ஆனால் காலை பத்து மணிக்குப் பிறகு என்னால் நிற்க முடியவில்லை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் போகவில்லை. சேலை கட்டும்போது கொசுவத்தை முன்னையைவிட ஒரு பிடி கூடுதலாகச் சொருக வேண்டியிருக்கிறது, அவ்வளவு குறுகிவிட்டேன்.

வீட்டாருக்கு இது விளங்கவில்லை. கட்டும் இல்லை, பிளாஸ்டரும் இல்லை, ஆகவே நோவும் இல்லை என்பது அவர்கள் கணக்கு. பொருந்திய பிறகும் இப்படி நோகுமா? உங்களில் யாராவது இதோடு வாழ்கிறீர்களா? எப்படிச் சமைக்கிறீர்கள், எப்படிக் கூட்டுகிறீர்கள், பஸ்ஸில் எப்படிப் போகிறீர்கள்?

மாங்குளம் மல்லிகா எழுதியது:

ரீச்சர், நான் உங்களைவிட எட்டு வயது இளையவள், முறிவில் மூத்தவள். மூன்று எலும்பு. மூச்சிழுப்புக்காகப் பல வருடம் பிரெட்னிசலோன் என்ற ஸ்டெரொயிட் மருந்து குடித்ததன் வட்டி இது என்று வைத்தியர் சொன்னார்.

நோகும் ரீச்சர். நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: நோ வருவதற்கு முன்பே படுத்துவிட வேண்டும். உங்களுக்குப் பத்து மணி என்றால் ஒன்பதரைக்கே இருபது நிமிடம் பாயில் மல்லாந்து, முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுங்கள். வந்த பிறகு படுத்தால் அன்றைய பகல் முழுவதும் அதற்கே போய்விடும். முதலில் எனக்கும் வெட்கமாக இருந்தது, உலை கொதிக்கும்போது ஒரு பெண் படுத்திருப்பதா என்று. இப்போது பேரன் வந்து பாயை விரித்துவிட்டுப் போகிறான்.

எழும்பும்போது நேராக நிமிர வேண்டாம். மரக்குற்றியை உருட்டுவது போல உடம்பு முழுவதையும் ஒரு பக்கம் திருப்பி, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழும்புங்கள். நிலத்தில் குந்தியிருந்து தேங்காய் திருவுவதை நான் விட்டுவிட்டேன். மேசையில் பூட்டும் திருவலை வாங்கினேன். ஈர்க்கு விளக்குமாறு எனக்குப் பரம எதிரி. நீளத் தடி போட்ட தும்புத்தடிதான். வாளியைப் பற்றி நான் சொல்லவே தேவையில்லை.

பஸ்ஸில் பின் சீற்றில் ஏறவே வேண்டாம். சில்லுக்கு மேலே இருக்கும் சீற்றும் வேண்டாம். ஏ9 வீதி பரவாயில்லை. உள்வீதிகளில்தான் குழி ஒவ்வொன்றும் முதுகில் எண்ணிக்கொண்டு வரும். நான் ஒரு சிறு தலையணையைப் பையில் வைத்திருக்கிறேன். கொண்டக்டர் சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

விசுவமடு தம்பி எழுதியது:

அக்கா, இங்கிலீஷ் மருந்தை மட்டும் நம்பாதீர்கள். எங்கள் பக்கத்தில் முறிவு நெறிவு பார்க்கும் ஒரு பரியாரியார் இருக்கிறார். எண்ணெய் போட்டு இரண்டு தரம் அமுக்கினால் எல்லாம் இருந்த இடத்துக்கு வந்துவிடும். எனது தோள்மூட்டை அவர்தான் சரிப்படுத்தினார்.

வவுனியா ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

தம்பி, உங்கள் தோள்மூட்டு வேறு, ரீச்சரின் முதுகு வேறு. பாலை மரக்குற்றியை அமுக்கலாம், முருங்கைக் கொம்பை அமுக்கலாமா? நசிந்த முள்ளந்தண்டில் கை வைத்து அழுத்தினால் பக்கத்து எலும்பும் போகும். மேலாக எண்ணெய் தடவி இதமாக இருந்தால் தடவட்டும். அழுத்துவது கூடவே கூடாது.

ரீச்சர், எலும்பு பொருந்துவது வழக்கமாக இரண்டு, மூன்று மாத வேலை. ஆனால் அது பழைய உருவத்துக்குத் திரும்பாது, நசிந்த உருவத்திலேயே பொருந்தும். வேலியில் ஒரு கதியால் சாய்ந்தால் அதோடு கட்டிய கம்பி முழுவதும் இழுபடும் அல்லவா? அதுபோல உடம்பு முன்னே சாய, முதுகுத் தசைகள் நாள் முழுவதும் அதைப் பின்னே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பத்து மணிக்கு அவை களைத்துவிடுகின்றன. ஆகவே உங்கள் நோ பொய் அல்ல. வீட்டாருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

திங்கட்கிழமைக் குளிசை நோவை மாற்றுவதற்கானது அல்ல, அடுத்த எலும்பு முறியாமல் காப்பதற்கானது. நோ குறையவில்லையே என்று அதை நிறுத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரோடு போட்டு, அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும். தேநீரும் பாலும் அதற்குப் பிறகுதான். கல்சியம் குளிசையை அந்தக் காலையில் அதோடு சேர்க்காமல், பின்னர் சாப்பாட்டோடு போடுங்கள். குரக்கன், எள்ளு, நெத்தலி, தயிர் எல்லாம் நம் ஊரிலேயே கிடைக்கின்றன. பல் பிடுங்க வேண்டி வந்தால் இந்தக் குளிசை போடுவதைப் பல் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

நோவுக்குப் பரசிற்றமோல் போதுமா என்று முதலில் பாருங்கள். 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக் கூடாது, மெலிந்தவர்களுக்கு அதிலும் குறைவு. பார்மசியில் கேட்டு வாங்கும் டைக்குளோபெனக் என்ற நோக்குளிசையைத் தொடர்ந்து போட வேண்டாம், அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். வன்னியில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் எத்தனை குடும்பங்களில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அலென்ட்ரோனேற்றுக்கும் சிறுநீரகம் ஓரளவு வேலை செய்ய வேண்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாற்றினினை இரத்தத்தில் பார்த்தார்களா? பார்க்கவில்லை என்றால் அடுத்த கிளினிக்கில் நீங்களே கேளுங்கள். இயன்மருத்துவரிடமும் (பிசியோதெரபிஸ்ட்) அனுப்பச் சொல்லுங்கள். முதுகை நிமிர்த்தும் பயிற்சிகள் இருக்கின்றன. குனியும் பயிற்சிகள் உங்களுக்கு ஆகாது.

திடீரென்று புதிய இடத்தில் நொந்தாலோ, கால் விறைத்தாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் உள்ளே செல் துண்டு இருப்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த இயந்திரம் காந்தம்.

முத்தையன்கட்டு ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கிரியாற்றினின் பார்த்ததாகக் கொப்பியில் எங்கும் இல்லை. புதன்கிழமை கிளிநொச்சிக்குப் போகிறேன், கேட்கிறேன். முன் சீற், தலையணை இரண்டும் உண்டு.

மல்லிகா, நேற்று ஒன்பதரைக்குப் படுத்தேன். பதினொன்றரை வரை நின்று சமைத்தேன். பெரும்போக விதைப்புக்கு ஆட்கள் வந்திருந்தார்கள், பதினைந்து பேருக்குச் சோறு. அதன் பிறகு நொந்தது, நன்றாகவே நொந்தது. ஆனால் மகன் தாதியம்மா எழுதியதை முழுவதும் வாசித்துவிட்டு, கதியால் என்ற இடத்தில் நிமிர்ந்து என் முதுகைப் பார்த்தான். இன்று காலை கிணற்றடியில் வாளியைக் காணவில்லை. தொட்டியை அவனே நிரப்பி வைத்திருந்தான்.